முதுகில் எழுதியவர்கள்

சனிக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு அது தொடங்கியது. அவ்வளவு சரியாகத் தெரிவதற்குக் காரணம் குக்கர்தான். கடைசி விசில் அடங்கியதும் அடுப்பை அணைத்துவிட்டு, பழக்க தோஷத்தில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பெரிய முள் இரண்டின்மேல் நின்றுகொண்டிருந்தது. உள்ளறையிலிருந்து மகள் கூப்பிட்டாள்.

"மா, கொஞ்சம் வாயேன். முதுகுல யாரோ இஸ்திரிப் பெட்டியை வெச்சுட்டு மறந்து போயிட்ட மாதிரி இருக்கு."

வலியைக்கூட அவள் கதை போலத்தான் சொல்வாள். நான் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனேன். குப்புறப் படுத்திருந்தாள். சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். இடது தோள்பட்டைக்குக் கீழே முதுகு சிவந்து கிடந்தது. கொசுக்கடிச் சிவப்பில்லை, வேர்க்குருச் சிவப்பும் இல்லை. உள்ளே விளக்கு ஏற்றி வைத்த மாதிரி ஒரு சிவப்பு. உள்ளங்கையை வைத்தேன். சூட்டில் எடுத்துவிட்டேன். எடுத்த பிறகும் அந்தச் சூடு கையிலேயே இருந்தது. அதைக் கழுவவும் மனமில்லை, வைத்திருக்கவும் பயம்.

அவளுக்கு இருபத்தொரு வயது. பி.காம் கடைசி வருஷத்தில் இடது தோள் வலிக்கிறது என்றாள். லேப்டாப் பையைக் குறை சொன்னோம். மழைக்காலம் முழுக்கத் தைல வாசனையோடு காலேஜுக்குப் போய்வந்தாள். பிறகு ஒரு ஸ்கேனில், தோள்பட்டை எலும்பில் கட்டி என்று தெரிந்தது. அந்தப் புற்றுநோய்க்கு ஏதோ வெளிநாட்டுக்காரரின் பெயர். எங்கள் வீட்டில் யாரும் அதை உச்சரிப்பதில்லை. "அது" என்போம். "அதுக்கு இன்னிக்கு ஊசி", "அது சுருங்கியிருக்காம்". வீட்டுக்கு வந்து தங்கிவிட்ட, பெயர் சொல்லப் பிடிக்காத ஒரு உறவுக்காரர் மாதிரி.

பெரிய டாக்டர் முதல் நாளே என்னையும் என் கணவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: "இந்த ட்ரீட்மென்ட்ல மருந்து எவ்வளவு முக்கியமோ, தேதியும் அவ்வளவு முக்கியம். நடுவுல இடைவெளி விட்டா அது மூச்சு வாங்கிக்கும்." அன்றிலிருந்து நான் சாமி படத்தைவிட அதிகமாகக் காலண்டரைத்தான் கும்பிட்டேன்.

ஊசி மருந்துகளுக்கு நடுவே ரேடியேஷனும் வந்தது. அந்த அறையை இப்போது நினைத்தாலும் கனவில் போன இடம் மாதிரிதான் இருக்கிறது. தரைக்குக் கீழே, ஜன்னலே இல்லாத அறை. கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்களின் வம்சம் நாங்கள். என் அப்பா கீழே போய் மேலே வந்தவர். மகளும் அப்படித் தினமும் கீழே போய் மேலே வந்தாள். வெளியே இருந்த திரையில் அவளைப் பார்க்கலாம். இருட்டில் பச்சை நூல் மாதிரி வெளிச்சக் கோடுகள் அவள்மேல் குறுக்கும் நெடுக்கும் ஓடும். முதுகில் ஊதா மையால் கோடு போட்டிருந்தார்கள். கோடு அழிந்தாலும் இடம் தவறாமலிருக்கக் கடுகளவு நீலப் புள்ளிகளைப் பச்சை குத்தியிருந்தார்கள். பெரிய இயந்திரம் சுற்றி வந்து நிற்கும்போது, அவள் முதுகில் சதுரமாக ஒரு வெளிச்சம் விழும். மேலே வந்ததும் அவள் சொல்வாள்: "மா, என் முதுகுல ஜன்னல் வெச்சிருக்காங்க. காத்து வருதான்னு பாரு."

அந்த நாட்களில் ஒரு ஊசியை மட்டும் நிறுத்தி வைத்திருந்தார்கள். ரோஸ்மில்க் நிறத்தில் குழாய் வழியே இறங்கும் மருந்து. வார்டில் எல்லோரும் அதைச் சிவப்பு மருந்து என்றுதான் சொல்வார்கள். ரேடியேஷன் முடிந்து, கறுத்த தோல் உரிந்து, முதுகு பழையபடி ஆனது. ஜன்னல் மூடிவிட்டது என்றாள். அதற்குப் பிறகுதான் சிவப்பு மருந்தை மறுபடி ஆரம்பித்தார்கள். அந்த முதல் ஊசி ஏறி ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது, இந்தச் சனிக்கிழமை வரும்போது.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். நர்ஸ் ஒருத்தி எடுத்தாள்.

"ஜுரம் இருக்கா?"

"இல்ல."

"நடுக்கம்?"

"இல்ல. முதுகு மட்டும் சிவந்திருக்கு, சுடுது."

"ஜுரம் வந்தா ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காதீங்க, நேரா வந்துடுங்க. இல்லேன்னா திங்கக்கிழமை ஓ.பி.க்குக் கூட்டிட்டு வாங்க."

தெர்மாமீட்டரை வைத்து வைத்துப் பார்த்தேன். ஜுரம் இல்லை. மகள் சொன்னாள், "மா, இன்னொரு தடவை வாயில வெச்சா நான் கடிச்சு முழுங்கிடுவேன்."

மதியம் அண்ணி வந்தார். என் கணவரின் அக்கா. மகளைப் பார்க்க மாதம் ஒருமுறை கோலார் தங்கவயலிலிருந்து ரயிலேறி வருவார். கையில் முருங்கைக்கீரைக் கட்டோடு செருப்பைக் கழற்றும்போதே என் முகத்தைப் பார்த்துவிட்டார். நேராக உள்ளே போய்ச் சட்டையைத் தூக்கினார். குனிந்தார்.

"அக்கிடி இது," என்றார்.

தோலில் சிவந்து எரிந்து கொப்பளம் கட்டுவதை எங்கள் பக்கம் அக்கி என்பார்கள். அக்கிக்கு மருந்து கொடுப்பதில்லை, எழுதுவார்கள். காவிக்கல்லை உரைத்து, அந்தக் குழம்பால் சிவந்த இடத்தைச் சுற்றிலும் எழுதி, மேலே சிங்கம் ஒன்று வரைவார்கள். யார் வேண்டுமானாலும் எழுதிவிட முடியாது, குயவர் வீட்டுக் கைதான் எழுத வேண்டும். அண்ணி காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டது ஒரு குயவர் வீட்டுப் பிள்ளையை. அதனால் பல வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த எங்கள் சொந்தக்காரர்களே, பிறகு பிள்ளைகளுக்கு அக்கி வந்தால் அண்ணி வீட்டு வாசலில்தான் போய் நின்றார்கள். அண்ணி அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சிங்கத்தை மட்டும் கொஞ்சம் முறைப்பாக வரைவார்.

கணவர் ஷிஃப்ட் முடிந்து பொம்மசந்திராவிலிருந்து வந்ததும் விஷயம் சொன்னேன். அங்கே ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருக்கிறார்.

"அக்கா, டாக்டரைக் கேக்காம எப்படி..." என்று ஆரம்பித்தார்.

"டாக்டர் திங்கக்கிழமை பாக்கட்டும்டா. யாரு வேணாம்னா? புள்ள எரியுதுன்னு கெடக்கா. காவி என்ன, விஷமா? மண்ணு."

"அத்தை, எனக்குச் சிங்கம் வேணாம், புலி," என்றாள் மகள் தலையணைக்குள்ளிருந்து.

"சும்மா கெட. சிங்கம்தான் வழக்கம்."

"உனக்குச் சிங்கம் வருமா முதல்ல? போன பொங்கலுக்கு வாசல்ல மாடு போட்டியே, போறவங்க எல்லாம் எலி நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போனாங்க."

"முதுகைக் காட்டிட்டு என்னா வாயி பாரு இவளுக்கு!"

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தவள். காவியில் என்ன இருக்கிறது என்று எனக்கு எழுதிக் காட்டத் தெரியும். ஆனாலும் சொல்லவில்லை. எத்தனையோ மாதங்களாக என் குழந்தைக்கு நடந்ததெல்லாம் ஊசியும் குழாயும் இயந்திரமும்தான். கைக்குழந்தையாக இருந்தபோது எண்ணெய் தேய்த்த அதே முதுகில், ஒரு மனுஷி தன் விரலால் குளிர்ச்சியாக ஏதோ தடவப் போகிறாள். அதை எப்படித் தடுப்பது?

அண்ணி கிண்ணத்தில் காவியைக் குழைத்தார். புதுமழை பட்ட மண் வாசனை அறைக்குள் வந்தது. ஆஸ்டின் டவுனில் எங்கள் வீடு சின்னது. மூன்று மணிக்கு மேல் எதிர்வீட்டு மாடிக் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் வெயில்தான் எங்களுக்கு வெயில். அந்தக் கடன் வெளிச்சத்தில் அண்ணி எழுதினார். வெளியிலிருந்து உள்ளே, சுற்றிச் சுற்றி. சிவப்பின் ஓரம் எங்கே முடிகிறதோ அதையும் தாண்டி, விடாமல், வட்டமாக. நடுவில் சிங்கம். அது நிஜமாகவே பூனை மாதிரி இருந்தது. யாரும் சொல்லவில்லை.

"ஜில்லுனு இருக்கு அத்தை," என்றாள் மகள். அவள் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. அப்படியே தூங்கிப்போனாள். நாங்கள் மூவரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, காவி காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஓரத்தில் காய்ந்து வெளுத்தது, நடுவில் ஈரமாக இருந்தது. தெருவில் பழைய பேப்பர்காரர் குரல் போனது. மைதானத்துப் பக்கம் யாரோ கோல் போட்டுக் கத்தினார்கள். எனக்கும் கண் சொருகியது. அந்தச் செம்மண் வட்டம் மெல்லச் சுற்றுவது போலவும், நாங்கள் எல்லோரும் அதன் விளிம்பில் உட்கார்ந்து எங்கோ போய்க்கொண்டிருப்பது போலவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவளுக்கு ஜுரம் வந்துவிட்டது.

கேஷுவாலிட்டியில் இருந்த டாக்டர் சின்னப் பையன். மண்டியா பக்கத்துக்காரர். கன்னடமும் தமிழும் கலந்து பேசினார். சட்டையைத் தூக்கியதும் ஒரு அடி பின்னால் போனார்.

"இது ஏனம்மா, என்ன இது? பெயிண்டா?"

"காவி. மண்ணு. அக்கின்னு நினைச்சு..."

"அக்கியா? எங்க ஊர்லயும் செய்வாங்க. சர்ப்ப சுத்துன்னு சொல்வாங்க." திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. சலைன் நனைத்த பஞ்சால் துடைக்க ஆரம்பித்தார். பஞ்சு சிவந்தது. இன்னொரு பஞ்சு, அதுவும் சிவந்தது. சிங்கம் கரைந்து இடுப்புவரை ஓடியது. துடைக்கத் துடைக்கக் காவி ரோமக்கால்களுக்குள் இறங்கிப் பரவியதே தவிர, போகவில்லை. எது காவிச் சிவப்பு, எது தோல் சிவப்பு என்று யாராலும் சொல்ல முடியவில்லை. "போதும் சார், எரியுது," என்று மகள் பல்லைக் கடித்தாள். அவர் நிறுத்திவிட்டார்.

பிறகு பேனாவை எடுத்து, அந்தச் செம்மை முழுவதையும் சுற்றி ஒரு கோடு போட்டார். பலாக்கொட்டை மாதிரி ஒரு பெரிய உருண்டை. "இந்தக் கோட்டைத் தாண்டிச் சிவப்பு போகுதான்னு தினம் பாக்கணும். தாண்டினா கிருமி பரவுதுன்னு அர்த்தம்," என்றார். "தோலுக்கு அடியில இன்ஃபெக்‌ஷன் மாதிரி இருக்கு. ரத்தத்துல வெள்ளை அணு ரொம்பக் கம்மி. இப்ப ரிஸ்க் எடுக்க முடியாது. ஆன்டிபயாடிக் இப்பவே ஆரம்பிக்கணும்."

அவர் செய்ததில் எந்தத் தப்பும் இல்லை. எனக்கு இன்று அது தெரியும். அன்றுகூடத் தெரிந்திருக்கலாம். ஆனால் கடைசியாக, கையைக் கழுவிக்கொண்டே, "அந்த மண்ணுல இருந்தும் வந்திருக்கலாம்மா," என்று ஒரு வார்த்தை சொன்னார். அண்ணி எனக்குப் பின்னால் நின்றிருந்தார். திரும்பிப் பார்த்தபோது அவர் அங்கே இல்லை. வராண்டா கோடியில் பெஞ்சில் உட்கார்ந்து, விரல் நகத்தில் ஒட்டியிருந்த காவியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் வந்தார். முதுகைப் பார்த்தார், சார்ட்டைப் பார்த்தார்.

"இது அடங்குற வரைக்கும் அடுத்த ஊசி கிடையாது," என்றார்.

"சார், அடுத்த வாரம் தேதி..."

"தெரியும்மா. கிருமி உடம்புல இருக்கும்போது கீமோ கொடுத்தா அது உயிருக்கே ஆபத்து. ஜுரம் நிக்கலேன்னா நெஞ்சுல வெச்சிருக்கிற போர்ட்டையும் எடுக்கவேண்டி வரும்."

போர்ட் என்பது ஊசி மருந்து ஏறுவதற்காக அவள் நெஞ்சுத் தோலுக்கு அடியில் வைத்திருந்த சின்னப் பெட்டி. அதை வைத்த நாளில் அவள் அழுததைப் போல வேறு எதற்கும் அழுததில்லை. ஆனால் அன்று நான் கேட்டது போர்ட்டைப் பற்றிய வார்த்தை இல்லை. "அடுத்த ஊசி கிடையாது" என்பதோடு என் காது நின்றுவிட்டது. இடைவெளி விட்டால் அது மூச்சு வாங்கிக்கொள்ளும் என்று சொன்னவரே இடைவெளி விடச் சொல்கிறார். எங்கோ, அவள் எலும்புக்குள், பெயர் சொல்லாத அந்த உறவுக்காரர் சாவகாசமாகச் சாய்ந்து உட்கார்ந்து மூச்சை இழுத்துவிடும் சத்தம் எனக்குக் கேட்டது.

அந்த வாரம் முழுக்க நான் விழித்திருந்தேனா தூங்கினேனா என்று தெரியாது. மாடி வார்டு. ஜன்னலுக்கு வெளியே ஒரு தூங்குமூஞ்சி மரம். சாயங்காலமானால் அது இலைகளை மடித்துக்கொள்ளும், நான் அதைப் பார்த்துத்தான் நேரம் தெரிந்துகொள்வேன். தினமும் மதியம் தூறல். ஆன்டிபயாடிக் பாட்டிலிலிருந்து சொட்டும் வேகமும் ஜன்னல் சட்டத்திலிருந்து சொட்டும் வேகமும் சில நேரம் ஒன்றாகும், சில நேரம் விலகும். ஒன்றாகும்போது ஏதோ சரியாகிவிட்ட மாதிரி இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தால் தங்கவயலின் சயனைடு மேடுகள் வரும். தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண், வெளிறிய மலைகளாக நிற்குமே, அவை. அந்த மேட்டில் மகள் குப்புறப் படுத்திருப்பாள். யார் யாரோ வந்து அவள் முதுகில் எழுதிவிட்டுப் போவார்கள். ஊதாவில், காவியில், நீல மையில். ஒவ்வொருவரும் எழுதியதை எனக்குப் படித்துக் காட்டுவார்கள். எனக்கு அந்த எழுத்து தெரியாது.

ஜுரம் இரண்டாம் நாளே நின்றுவிட்டது. ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று வைத்துப் பார்த்ததில் எதுவும் வளரவில்லை. வெள்ளை அணுக்கள் ஏறத் தொடங்கின. சின்ன டாக்டர் அதைச் சொல்லும்போது சந்தோஷப்பட்டார், முதுகைப் பார்க்கும்போது நெற்றியைச் சுருக்கினார். அந்தச் சூடு அப்படியே இருந்தது. சிவப்பு அவருடைய கோட்டைத் தாண்டவும் இல்லை, ஆறவும் இல்லை. வந்த இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. "சர்ஜனையும் ஒருதடவை பாக்கச் சொல்லலாம். உள்ள சீழ் ஏதாவது கட்டியிருந்தா கீறி எடுக்கணும்," என்றார். ஊசி தேதிக்குப் பக்கத்தில் எதையும் எழுதாமல் விட்டிருந்தார்கள்.

அண்ணி ஊருக்குப் போகவில்லை. வீட்டில் சமைத்து, நீலசந்திரா வழியாக வரும் பஸ்ஸில் சாப்பாடு கொண்டுவருவார். வார்டுக்குள் வரமாட்டார். கதவுக்கு வெளியே நின்று டிபன் கேரியரை நீட்டுவார்.

"உள்ள வாங்க அண்ணி."

"வேணாம்மா. என் கையில மண்ணு இருக்கும்."

"அத்தை," என்று மகள் கட்டிலிலிருந்து கத்தினாள். "சிங்கத்தைத் தொடச்சுட்டாங்க. கோவிச்சுக்கிட்டு எங்க போச்சோ, வந்து தேடிக் கொடுத்துட்டுப் போ."

அண்ணி சிரிக்க முயன்று, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, படியிறங்கிப் போய்விட்டார்.

தினமும் ஈரத்துணியால் அவள் உடம்பைத் துடைத்துவிடுவேன். முதுகில் மட்டும் அழுத்தாமல், ஒற்றி ஒற்றி எடுப்பேன். ஒவ்வொரு நாளும் துணியில் கொஞ்சம் காவி வரும். வியாழக்கிழமை துணி வெள்ளையாகவே வந்தது. அப்போது தூறல் விட்டு, மேகத்துக்கு நடுவிலிருந்து சரிந்த வெயில் ஒன்று கட்டில்மேல் விழுந்தது. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். நானும் பாதித் தூக்கத்தில்தான் இருந்தேன். அதனால்தான் நான் பார்த்ததை நானே முதலில் நம்பவில்லை.

சிவப்பின் ஒரு ஓரம் நேர்கோடாக இருந்தது.

மடித்த துணியின் விளிம்பு மாதிரி. ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் சாதாரணத் தோல். நடுவில் எந்தச் சமாதானமும் இல்லை. கோடு மேலே போய் ஒரு இடத்தில் திரும்பியது. திரும்பிய மூலைக்குப் பக்கத்தில் கடுகளவு ஒரு நீலப் புள்ளி. டாக்டர் போட்ட உருண்டைக் கோடு இதற்கெல்லாம் வெளியே, சம்பந்தமில்லாமல் நின்றது. அவர் சுற்றி வரைந்தது சிவப்பை இல்லை, அண்ணியின் காவியை.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. ஒன்றும் புரியவில்லை. இயந்திரம்தான் இத்தனை நாள் கழித்துச் சுட்டுவிட்டதோ? அந்த எரிச்சல் எலும்பு வரை போயிருக்குமோ? பயப்படுவதற்கு எனக்கு எப்போதும் இன்னொரு கதவு திறந்தே இருக்கும்.

சாயங்காலம் கணவர் வந்ததும் காட்டினேன். அவர் சட்டைப் பையில் எப்போதும் ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல் ஒன்று இருக்கும். வேலைப் பழக்கம். கல்யாண வீட்டுக்குக்கூட அதோடுதான் வருவார். அதை எடுத்து, தோலில் படாமல் மேலே பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"நூல் பிடிச்ச மாதிரி இருக்கு," என்றார்.

"அப்பா, என்ன ரிஜெக்ட்டா? திருப்பி அனுப்பிடுவியா?" என்று விழித்துக்கொண்ட மகள் கேட்டாள்.

"பேசாம படு. ஓரம் பாத்துட்டிருக்கேன்." ஸ்கேலைத் திருப்பிப் பிடித்தார். "இந்தப் பக்கமும் நேர்தான். நாலு மூலையும் இருக்கு."

சின்ன டாக்டரைக் கூப்பிட்டோம். அவர் வந்து குனிந்தார். தன் கோட்டைப் பார்த்தார், உள்ளே இருந்த சதுரத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார். பிறகு போனில் படம் எடுத்துக்கொண்டார்.

"ஸ்கின் மேடம் வெளியூர் போயிருந்தாங்க. நாளைக்கு வர்றாங்க. அவங்க பாக்கட்டும். சொல்ப இரிம்மா, கொஞ்சம் பொறுங்க, அதுவரைக்கும் சர்ஜனை நான் வரச் சொல்லல," என்றார்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். துப்புரவு செய்பவர் வந்தார். ரத்தம் எடுக்க வந்தார்கள். இட்லி வந்தது, ஆறியது. பக்கத்துக் கட்டிலுக்கு யாரோ பூங்கொத்து கொண்டுவந்தார்கள், பூ கூடாது என்று நர்ஸ் திருப்பி அனுப்பினாள். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன். "மா, நீ ஸ்கூல்ல கிளாஸ் லீடரா?" என்றாள் மகள். மதியத் தூறல் ஆரம்பித்தது. அண்ணி கேரியரோடு வந்து கதவுக்கு வெளியே வழக்கமான இடத்தில் நின்றார். நான் அழைக்கவில்லை, அவரும் போகவில்லை. இருவரும் ஒரே கதவின் இரண்டு பக்கமும் காத்திருந்தோம்.

அப்போதுதான் அவர் வந்தார். குள்ளமான அம்மா. என் வயது இருக்கும். நனைந்த குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அண்ணியிடமே, "கொஞ்சம் பிடிங்கம்மா," என்று கொடுத்துவிட்டு உள்ளே வந்தார். பின்னால் சின்ன டாக்டர்.

கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு மகளின் முதுகைத் தொட்டார். சிவப்பின் ஓரத்தில் ஒரு விரலை வைத்து, மூலை வரை மெதுவாக ஓட்டினார். அங்கே திருப்பினார். மறுபடி மூலை. எழுத்துக்கூட்டிப் படிப்பவர் மாதிரி.

"இந்த இடத்துல முன்னாடி ரேடியேஷன் கொடுத்தாங்களாம்மா?"

"ஆமா மேடம்," என்றாள் மகள். "அது என் ஜன்னல். மூடிட்டாங்கன்னு நினைச்சேன்."

"அதுக்கப்புறம் சிவப்பு மருந்து மறுபடி ஏத்தினது இதுதான் முதல் தடவையா?"

"ஆமா மேடம்."

மேடம் நிமிர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை, சின்ன டாக்டரைப் பார்த்துத்தான் முதலில் பேசினார். "கிருமிக்கு மூலைமட்டம் தெரியாதுப்பா. அது கண்டபடி ஓடும். இப்படி அளவெடுத்து நிக்காது." பிறகு என் பக்கம் திரும்பினார். "இது இன்ஃபெக்‌ஷன் இல்லம்மா. ரேடியேஷன் பட்ட தோல் வெளிய ஆறிடும், உள்ள மறக்காது. சில மருந்து உடம்புக்குள்ள வந்ததும் அதே இடத்துல, அதே அளவுல மறுபடி எழுந்துக்கும். பாக்கறதுக்கு அப்படியே கிருமி மாதிரிதான் இருக்கும், சூடு, வீக்கம், வலி எல்லாம். ஜுரம் வேற வந்ததால இவங்க பயந்தது சரிதான். இப்ப ஜுரமும் இல்ல, கிருமியும் வளரல. களிம்பு எழுதித் தர்றேன், ஆறிடும்."

கதவுப் பக்கத்திலிருந்து அண்ணியின் குரல் வந்தது. கையில் குடை சொட்டிக்கொண்டிருந்தது. "அப்ப... நான் எழுதின காவி?"

"நீங்கதானா எழுதினது? காவி ஒண்ணும் பண்ணலம்மா. ஓரத்தை மறைச்சுடுச்சு, அவ்வளவுதான். இனிமே எழுதறதா இருந்தா, எனக்குக் காட்டிட்டு எழுதுங்க."

அண்ணி அந்த வாரத்தில் முதல்முறையாக வாசலைத் தாண்டி உள்ளே வந்தார்.

எனக்கு ஒன்றுதான் கேட்க இருந்தது. "தேதி..." என்று மட்டும் சொன்னேன்.

மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை இன்னும் சூடாக இருந்தது. "அதே மருந்தா, வேற மருந்தான்னு உங்க டாக்டர் முடிவு பண்ணுவார். ஆனா இந்த முதுகுக்காகத் தேதி தள்ளிப்போக வேண்டியதில்ல. நான் இப்பவே மேல போய் அவர்கிட்ட சொல்றேன். நீங்க முதல்ல ஏதாவது சாப்பிடுங்க," என்றவர், போகும்போது மகளைப் பார்த்துச் சொன்னார், "உன் ஜன்னல்ல கொஞ்ச நாளைக்கு வெயில் படாம பாத்துக்கோ, கண்ணு."